சார்ஜ் ஏறலைன்னா உடனே வைரஸா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

காவிரிக்கரை:
இன்னும் மனசு ஆறல. தங்கச்சி ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தா. லேப்டாப்பை ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டாலும் பாதிகூட ஏறல. கடைக்குக் கொண்டு போனோம். சார்ஜரைக் கையில எடுத்துக்கூடப் பாக்கல அந்த ஆள். ஸ்கிரீனை ஒரு தடவை பாத்துட்டு, "வைரஸ் பேட்டரியைத் தின்னுதும்மா, ஃபார்மட் அடிக்கணும்"னுட்டார், அதாவது உள்ள இருக்கறதை எல்லாம் அழிக்கணுமாம். ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான் இருக்கு. வெளிய வந்ததும் "அண்ணா, அப்போ என் போட்டோ எல்லாம் யாராவது பாத்திருப்பாங்களா?"ன்னு கேட்டா பாருங்க, அந்தக் குரல் இன்னும் காதுலயே நிக்குது.

வீட்டுக்கு வந்து அடாப்டர்ல இருந்த பொடி எழுத்தைப் படிச்சா 25 வாட். ரூம்மேட்டோட ஃபோன் சார்ஜர், மாறிப்போயிருக்கு. லேப்டாப்புக்கு வேண்டியது 65. ரெண்டுக்கும் அதே டைப்-சி வாய்தானே!

மதுரை பில்லிங்:
கடைக்காரங்க எல்லாரையும் ஒரேயடியா அப்படிச் சொல்லாதீங்க சகோ. எங்க கடை லேப்டாப்ல நிஜமாவே வைரஸ் இருந்துச்சு. வேலைக்கு இருந்த பையன் ஏதோ கிராக் சாஃப்ட்வேர் ஏத்தியிருக்கான். சார்ஜர் மாட்டியே இருக்கும், சதவீதம் நகராது, ஃபேன் மட்டும் கத்தும். எந்தெந்த புரோகிராம் ஓடுதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜரைத் திறந்த அடுத்த நொடி ஃபேன் அடங்கிடும். மூடினா மறுபடி ஆரம்பிக்கும். நாம பாக்கறது அதுக்குத் தெரியுதுன்னு புரிஞ்சப்போ உடம்பு சிலிர்த்துப் போச்சு. கிரிப்டோ மைனர், அதாவது நம்ம மெஷினை ஓட்டி வேற யாருக்கோ டிஜிட்டல் காசு சம்பாதிச்சுக் கொடுக்கற திருட்டு புரோகிராம். விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்லதான் மாட்டுச்சு.

சர்வீஸ் டேபிள்:
மதுரை சகோ, உங்களுக்கு நடந்தது உண்மை. ஆனா அதை வச்சு "வைரஸ்தான்"னு கிளப்பிவிடாதீங்க, இங்க தினம் பயந்துபோய் வர்றவங்களைப் பாக்கறேன். போன வாரம் ஒரு டீச்சர், கேள்வித்தாள் திருடு போயிருக்குமோன்னு கண்கலங்கி வந்தாங்க. சார்ஜர் சொருகற போர்ட்டுக்குள்ள பஞ்சு அடைச்சிருந்துச்சு, அவ்ளோதான்.

எல்லாரும் முதல்ல இதைப் பண்ணுங்க. லேப்டாப்பை முழுசா ஆஃப் பண்ணிட்டு சார்ஜ் போடுங்க. ஸ்லீப் இல்ல, ஷட் டவுன். ஆஃப்ல இருக்கும்போது வைரஸ் ஓடாது. அப்பவும் மெதுவா ஏறினா பெரும்பாலும் சார்ஜர், கேபிள், போர்ட், பேட்டரி இந்த நாலுல ஒண்ணு. ஆஃப்ல மட்டும் வேகமா ஏறினா உள்ள ஏதோ கரண்ட்டை இழுக்குது. அது மைனராவும் இருக்கலாம், கேமாவும் இருக்கலாம், பின்னாடி ஓடற அப்டேட்டாவும் இருக்கலாம்.

கேபிளையும் சும்மா விடாதீங்க. டைப்-சி கேபிள் உள்ள அடையாளச் சிப் இல்லைன்னா 3 ஆம்பியர்தான், அதாவது 60 வாட்டுக்கு மேல போகாது. நீங்க 100 வாட் அடாப்டர் வாங்கினாலும் அதே கதைதான். 80 சதவீதத்துக்கு மேல மெதுவா ஏறுறது லித்தியம் பேட்டரிக்கு இயல்பு. 80லயே நின்னுட்டா பேட்டரி பாதுகாப்பு செட்டிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க. மெத்தை மேல வச்சு சார்ஜ் போடாதீங்க, சூடானா லேப்டாப் தானாவே வேகத்தைக் குறைச்சிடும்.

வடபழனி:
எங்க அம்மா சார்ஜ் ஏறலைன்னு நெட்ல தேடியிருக்காங்க. ஒரு பக்கம் திறந்து "உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது"ன்னு அலாரம் அடிச்சிருக்கு, கீழ ஒரு நம்பர். நான் ஆபீஸ்ல இருந்து வரும்போது அம்மா ஃபோனைக் காதுல வச்சிட்டு உக்காந்திருக்காங்க, மௌஸ் அம்பு தானா நகர்ந்து பேங்க் பக்கத்தைத் திறக்குது. ஓடிப்போய் வைஃபை ரூட்டரைப் பிடுங்கினேன். பணம் போகல. பாஸ்வேர்டை எல்லாம் வேற மெஷின்ல மாத்திட்டு சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிச்சுச் சொன்னோம். அம்மா இப்போ லேப்டாப் பக்கமே வர்றதில்ல.

காவிரிக்கரை:
மதுரை சகோ, வைரஸே கிடையாதுன்னு நான் சொல்லல. பாக்காமலே சொன்னாரே, அதான் கோவம். வடபழனி, அம்மாகிட்ட பேசுங்க, தப்பு அவங்க மேல இல்ல. சர்வீஸ் அண்ணா, தங்கச்சி கேபிளும் ஃபோனோடதுதான், அந்தச் சிப் இருக்கான்னு வெளிய பாத்தே கண்டுபிடிக்க முடியுமா?

சர்வீஸ் டேபிள்:
கேபிளோட தலைப்பக்கம் 100 வாட், 240 வாட், இல்ல 5 ஆம்பியர்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா 60னே வச்சுக்கோங்க. 65 வாட் அடாப்டருக்குப் பெரிசா வித்தியாசம் தெரியாது, அந்தக் கேபிளையே போடச் சொல்லுங்க.