புதுப்பிப்பு: 8.15×46 ஆர் துப்பாக்கிக்கு .30-30 கூடு

8.15×46 ஆர் தோட்டா போடும் பழைய ஜெர்மன் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு, .30-30 வின்செஸ்டர் என்ற அமெரிக்கத் தோட்டாவின் பித்தளைக் கூடு (மருந்தும் குண்டும் அடங்கும் உறை) ஒத்துவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். வரும். இரண்டு கூடுகளின் அடிப்பகுதி விட்டமும் ஏறக்குறைய 10.7 மி.மீ.தான்.

முதலில் சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் அறை) உள்வடிவத்தை வார்ப்பாக எடுத்து அளந்துவிடுங்கள்; இந்த ரகத்தில் ஒரு துப்பாக்கிபோல் இன்னொன்று இருக்காது. குழலின் உள்விட்டமும் அப்படியே. பிறகு கூட்டின் அடியைத் தண்ணீரில் நிறுத்திக் குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் சூடாக்கி மென்மையாக்குங்கள். அடிப்பகுதியும் மென்மையாகிவிட்ட கூட்டைக் கழித்துவிடுங்கள், அழுத்தத்தைத் தாங்காது. மசகு தடவி டையில் (கூட்டுக்குப் புது வடிவம் தரும் எஃகு அச்சு) மெதுவாக அழுத்துங்கள். மசகு அதிகமானால் கழுத்துக்குக் கீழுள்ள சரிவான தோளில் பள்ளம் விழும். கூட்டின் 51.8 மி.மீ. நீளத்தை ஏறத்தாழ 46 ஆக வெட்டுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது கூட்டின் அடிவிளிம்பில். .30-30 விளிம்பின் விட்டம் 12.85 மி.மீ., தடிப்பு 1.6. சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் கதவு மூடாவிட்டால் விளிம்பின் முன்முகத்தைக் கடையுங்கள். பின்முகத்தைக் கடைந்தால் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழி ஆழமிழந்து பிரைமர் துருத்திக்கொண்டு நிற்கும்; கதவை மூடும்போதே வெடிக்கக்கூடும்.

புதுக் கழுத்து பழைய உடல்சுவரிலிருந்து உருவாவதால் தடிக்கும். குண்டு வைத்த கழுத்துக்கும் சேம்பருக்கும் இடைவெளி இல்லையென்றால் அழுத்தம் எகிறும். அப்போது கழுத்தின் உள்சுவரைச் சீவும் ரீமர் போட்டே தீரவேண்டும்.