எரர் லொக்கை ஒழுங்காக்க ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையின் பில் போடும் சிஸ்டம் இப்போது என் தலையில். பழைய ஜாவா கோட். போன சனிக்கிழமை, கடை நிறையச் சனம் நிற்கும் நேரம் பார்த்து, பில் நின்றுவிட்டது. வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடி லொக்கைத் (புரோகிராம் தன் பிழைகளை எழுதிவைக்கும் கோப்பு) திறந்தால், ஒரே நல் பொயின்டர் எக்செப்ஷன் (வெறுமையான ஒன்றைப் பாவிக்கப் போய் வரும் பிழை) நாலு தடவை கிடக்கிறது. ஒவ்வொரு கிளாஸும் அதைப் பிடித்து, லொக் எழுதி, திரும்ப எறிகிறது. எந்த பில், எந்தக் காசாளர் என்று ஒரு சொல் இல்லை.

சரி என்று நடுவில் இருந்த கேட்ச்களை எல்லாம் தூக்கிவிட்டு, மேலே ஒரே இடத்தில் ஸ்டாக் ட்ரேஸோடு, அதாவது பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியலோடு, எழுத வைத்தேன். எம்.டி.சி.யில் (த்ரெட்டுக்கு ஒன்றாக இருந்து, அதன் லொக் வரிகளில் சேர்க்கக்கூடிய குறிப்பு) பில் நம்பரையும் போட்டேன். அப்புறம்தான் வினை. பிரின்ட் வேலை த்ரெட் பூலுக்கு (திரும்பத் திரும்பப் பாவிக்கும் த்ரெட்களின் கூட்டம்) போனதும், எப்போதோ முடிந்த பில்லின் நம்பர் ஒட்டிக்கொண்டு வருகிறது! நம்பரே இல்லாததைவிட இது மோசம். சரியான நம்பரை அந்த த்ரெட்களுக்கு நீங்கள் எப்படிக் கடத்துகிறீர்கள்? ஒவ்வொரு ரன்னபிளையும் (த்ரெட்டுக்குக் கொடுக்கும் வேலை) சுற்றி எழுதுவதா?

இன்னொன்று. உள்ளே லொக் எழுதும் லைப்ரரி லொக்ஃபோர்ஜே 1, அதாவது 2015இலேயே கைவிடப்பட்டது. 2021 டிசம்பரில் லொக்ஃபோர்ஷெல் (லொக்ஃபோர்ஜே 2இல் இருந்த பெரிய பாதுகாப்பு ஓட்டை) பிரச்சினை வந்தபோது, "எங்களுடையது பழசு, பயமில்லை" என்று முன்பிருந்தவர் விட்டுவிட்டாராம். நல்ல சமாதானம். இனி லொக்ஃபோர்ஜே 2க்குப் போவதா, லொக்பேக் என்ற மற்ற லைப்ரரிக்கா? சேர்வரில் ஜாவா 8தான், முதலாளி மாற்ற விடமாட்டார்.

ஒரே சேர்வருக்கு ஓப்பன்டெலிமெட்ரி (சிஸ்டத்தின் லொக், ட்ரேஸ், அளவீடுகளைச் சேகரிக்கும் கருவித்தொகுதி) எல்லாம் வீண்செலவு என்றுதான் எனக்குப் படுகிறது. போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்.