மறு: ‘ஃபேர் டெஸ்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளி அறிவியலில் ‘ஃபேர் டெஸ்ட்’ (fair test) என்பது, ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துச் செய்யும் சோதனை. அதற்குத் தமிழ்ப்பெயராக இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘நேர்மைச் சோதனை’, ‘நடுநிலைச் சோதனை’, ‘ஒருமாறிச் சோதனை’ மூன்றும் எனக்குச் சரிப்படவில்லை. ரத்தச் சோதனை என்றால் ரத்தத்தைச் சோதிக்கிறோம். அப்படியானால் நேர்மைச் சோதனையில் யாருடைய நேர்மையை? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நடுநிலை என்ற சொல்லை அமிலம், காரம் பாடம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ‘ஒருமாறி’ பரவாயில்லை (மாறி என்பது சோதனையில் மாறக்கூடிய அளவு, variable), ஆனால் எண்ணிக்கை இடிக்கிறது: ஒன்றை நாம் மாற்றுகிறோம், அதையொட்டி இன்னொன்று மாறுகிறது.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். ஒரு குழு 30 செ.மீ. நூலில் சின்னக் குண்டைக் கட்டுகிறது. 10 அலைவுக்குச் சுமார் 11 விநாடி. இன்னொரு குழு 60 செ.மீ. நூலில் கனமான குண்டைக் கட்டுகிறது, சுமார் 15.5 விநாடி. ‘கனம் கூடினால் ஊசல் மெதுவாக ஆடும்’ என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். அளவீட்டில் பிழையே இல்லை, முடிவுதான் தப்பு. நீளமும் சேர்ந்து மாறியதை யாரும் பார்க்கவில்லை. நூலைச் சமமாக வெட்டினாலும் போதாது. நீளம் என்பது குண்டின் மையம் வரை. பெரிய குண்டு கட்டினால் அதுவும் சற்றுக் கூடிவிடும். பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

1747இல் சாலிஸ்பரி கப்பலில் அதன் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் செய்ததும் இப்படி ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்ததே. ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) கண்ட 12 மாலுமிகளை, நோய் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஒரே இடம், ஒரே உணவு. இருவர் இருவராகப் பிரித்துக் கொடுத்த மருந்து மட்டும் வேறு. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சீக்கிரம் தேறினார்கள்.

ஆகவே என் பரிந்துரை: ஒத்தநிலைச் சோதனை. ‘நிலை ஒத்திருக்கிறதா?’ என்று ஆசிரியர் அப்படியே கேள்வியாகக் கேட்கலாம்.

மாறிகளைப் பற்றியும் ஒன்று. ‘சாரா மாறி’ (நாம் மாற்றுவது), ‘சார் மாறி’ (அதையொட்டி மாறுவது) இரண்டும் வகுப்பில் காதுக்கு ஒன்றுபோல் விழுகின்றன. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் ‘தற்சார்பு மாறி’, ‘சார்பு மாறி’ இணையிலும் அதே சிக்கல். போதாததற்குக் கணிதத்தில் சார்பு வேறு பொருள். தொடக்க வகுப்புகளுக்கு ‘மாற்றுவது, அளப்பது, மாறாமல் வைப்பது’ என்றே வைக்கலாம். மூன்றாவதை மட்டும் ‘மாறிலி’ (எப்போதும் மாறாத அளவு) என்று எழுத வேண்டாம். குண்டின் நிறை மாறக்கூடியதுதான், நாம்தான் மாறவிடாமல் வைத்திருக்கிறோம். மேல்வகுப்பில் ‘கட்டுப்படுத்திய மாறி’ பொருந்தும்.

‘நிலை’ என்றதும் திண்மம், திரவம் நினைவுக்கு வருமோ என்ற தயக்கம் மட்டும் எனக்கு இருக்கிறது. வகுப்பெடுக்கும் நண்பர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.