மடிக்கணினி: தீபாவளி வரை பொறுப்பதா, பழையதை இப்போதே வாங்குவதா?

கேள்வி (அம்பாசமுத்திரத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வரும் ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் பி.காம். சேரவிருக்கிறாள். வீட்டில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுடன் விண்டோஸ் 10-இல் ஓடும் மடிக்கணினி. திறந்து வைத்துவிட்டுக் காப்பி குடித்து வரலாம், அவ்வளவு மெதுவு. எக்செல், கணக்கெழுதும் மென்பொருளான டேலி, இணைய வகுப்பு ஆகியவைதாம் அவளுக்குத் தேவை. 30,000 ரூபாய்க்கு மேல் என்னால் இயலாது. தீபாவளித் தள்ளுபடியில் புதியதை வாங்கலாம் என்கிறார் மைத்துனர். திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடைக்காரரோ, அலுவலகங்களில் ஓடிய பழைய மடிக்கணினியை இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எது சரி?

மறுமொழி 1

அண்ணாச்சி, தீபாவளிக் கணக்கை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரை வரும். 2026 தீபாவளியோ அதற்கும் பிறகு, நவம்பர் 8. தள்ளுபடியை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு: செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால், 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது, பொறுத்தால் விலை குறையும் என்ற பழைய வழக்கம் இப்போது பொருந்தாது.

உங்கள் தொகைக்குக் கிடைக்கும் புதியவற்றில் பல, ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு, பின்னால் கூட்ட முடியாதபடி வருகின்றன. நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகளோ உறுதியானவை, பெரும்பாலும் கழற்றிப் பழுதுபார்க்கத் தக்கவை. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழுள்ளவற்றை முறைப்படி ஏற்பதில்லை. ஐ5-8250யு என்றால் எட்டு, ஐ5-10210யு என்றால் பத்து என்று செயலியின் எண்ணிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 8 ஜிபி ரேமும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும் கட்டாயம்.

மறுமொழி 2

மேலே சொன்னவருடன் நான் பாதிதான் உடன்படுகிறேன். பழையதில் உத்தரவாதம் என்பது பெரும்பாலும் கடைக்காரரின் வாய்ச்சொல்லே. அம்பையிலிருந்து ஒவ்வொரு பழுதுக்கும் வண்ணார்பேட்டைக்குப் பேருந்து ஏறுவது கல்லூரிப் பிள்ளைக்கு எளிதன்று. ரசீதில் வரிசை எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம். அப்படி யாரும் எழுதித் தராவிட்டால், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துப் புதியது வாங்குவதே மேல்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இருப்பதற்கே எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு ஓட்ட முடியாதா? கடையில் எதைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 1

லினக்ஸ் நன்றாகவே ஓடும். ஆனால் டேலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது, வணிகவியல் மாணவிக்கு அது இடையூறு. அந்தக் கணினி வீட்டில் உங்களுக்கு இருக்கட்டும்.

கடையில் மூன்றைப் பாருங்கள். முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் நுழைந்து, கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள்; கேட்டால் அதை நீக்கித் தரச் சொல்லுங்கள். அடுத்து, அவர்கள் முன்னிலையிலேயே கணினியை முழுதாக ரீசெட் செய்து, கைப்பேசி இணையத்தில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் கணக்கில் உள்நுழையச் சொன்னால், அந்தக் கணினி இன்னும் பழைய உரிமையாளரின் பிடியிலிருந்து விடுபடவில்லை என்று பொருள். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். மூன்றாவது பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை உண்டு. தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது நிரம்பும் அளவையும் அது காட்டும். பாதிக்கும் கீழே இருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

மறுமொழி 3

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ இரண்டாண்டுகளில் வழங்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்திருந்தார்கள். சேர்க்கையின்போது, தங்கள் மகள் சேரும் கல்லூரியும் முதலாண்டு மாணவர்களும் அதில் அடங்குவார்களா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதன் பிறகு வண்ணார்பேட்டைக்குப் போங்கள்.