வண்ணார்பண்ணை வீடு (குடும்பக் குழு)

அபி (ரொறொன்ரோ): யாழ் நூலகம் எரிந்த நினைவுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. கவிஞர் நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை நான்தான் வாசிக்கிறேன். வொய்ஸ் அனுப்பியிருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கோ.

தர்சன்: வாசிக்கத்தான் வேணுமா? எல்லாருக்கும் தெரிந்த கவிதை. படம் எடுத்துக் குழுவில் போட்டால் போதாதா?

குகன் சித்தப்பா (லண்டன்): போதாது. தாளில் சின்னக் கவிதை, கண் ஓடிவிடும். அபி, நீ அழுவது மாதிரி வாசிக்கிறாய் பிள்ளை. அந்தக் கவிதைக்குள் ஒருத்தரும் அழவில்லை.

அபி: பிறகு எப்படி வாசிக்கிறது சித்தப்பா?

குகன் சித்தப்பா: பொலிஸ் அறிக்கை மாதிரி. சிவில் உடை போட்ட அரச காவலர் சுட்டு, புத்தர் நூலகப் படியில் கிடக்கிறார். இரவில் அமைச்சர்கள் வந்து, எங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று கேட்கிறார்கள். கவனித்தாயா, அவர்களுக்குக் கவலை பட்டியலைப் பற்றி. பதில் வந்ததும் 'சரி சரி' என்கிறார்கள். அந்தச் 'சரி சரி'யைத் தேத்தண்ணிக்குச் சீனி காணும் என்கிற மாதிரிச் சொல்லு. சொல்லிவிட்டு ஒரு மூச்சு நில். மண்டபம் தானாக அடங்கும்.

தர்சன்: அமைச்சர்கள் வந்தது கற்பனைதானே?

குகன் சித்தப்பா: நூலகம் எரிந்தது 1981இல். ஜூன் 4 மாவட்ட சபைத் தேர்தல். அந்த நாட்களில் அமைச்சர்கள் சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் யாழ்ப்பாணத்தில்தான் நின்றார்கள். கல்முனைக்காரர் நுஃமான் சும்மா எழுதவில்லை.

அபி: இன்னொன்று. கவிதையில் தொண்ணூறாயிரம் புத்தகம். மற்ற இடமெல்லாம் 97,000 என்று இருக்கு. திருத்தி வாசிக்கவா?

குகன் சித்தப்பா: ஐயோ, தொடாதே! 'தொண்ணூறாயிரம்' வாய் நிறைய வரும். கணக்கு வேணுமென்றால் வாசிக்க முதல் சொல்லிவிடு.

அபி: சரி. 'சிகாலோகவாத சூத்திரம்'தான் நாக்கைச் சுழற்றுது.

தர்சன்: அது என்ன?

அபி: சிகாலன் என்ற பெடியனுக்குப் புத்தர் சொன்ன புத்திமதி. தாய் தகப்பன், ஆசிரியர், கூட்டாளி என்று ஒவ்வொருவருடனும் எப்படி நடக்கவேணும் என்பது. கவிதையில் புத்தரின் பிணத்தைப் புத்தகங்களால் மூடி, அந்தச் சூத்திரத்தைக் கொளுத்தித்தான் எரிக்கிறார்கள்.

தர்சன்: ஓ. எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். விளங்காத சொல் என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன்.

குகன் சித்தப்பா: அபிக்குத் தாண்ட ஏலாது, பாவம்.

அபி: இரண்டாவது வொய்ஸ் போட்டிருக்கிறேன். அழாமல்.

குகன் சித்தப்பா: இதுதான். புத்தரின் வாக்குகள் உள்ள நூலும் சாம்பலாகிற, 'தம்மபதமும்தான்' என்ற இடத்தில் மட்டும் அவசரப்படாதே.

ராணி மாமி (யாழ்ப்பாணம்): இப்பதான் பார்க்கிறேன். இரண்டாவதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பம்மா அறையிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "ஆரடி புத்தரைச் சுட்டது? எப்ப?" என்று கேட்கிறா.

அபி: செய்தி என்று நினைத்துவிட்டாவோ! என்ன சொன்னீங்கள் மாமி?

ராணி மாமி: ஒருத்தர் கண்ட கனவு அம்மா, கவிதை என்றேன். "என்ன கனவு? அடுத்த நாள் விடியச் சாம்பல் எங்கட கிணத்துக்குள்ள மிதந்ததே" என்றா.

ராணி மாமி: திரும்பப் போடட்டாம். சத்தத்தைக் கூட்டி.