ப்ரொசீஜர் எதைத் திருப்பித் தர வேண்டும்: எண்ணா, மதிப்பா, அட்டவணையா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் கணக்குக்காக ஒரு சின்ன டேட்டாபேஸும் அதற்கொரு மொழியும் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் சிறு நிரல்) விடையை எப்படித் தருவது என்பதில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். பட்டறைக்கு வெள்ளி கொடுத்தோம், கொலுசு வந்தது. சேதாரம் கழித்து மிச்ச வெள்ளி எவ்வளவு, கூலி எவ்வளவு என்று ப்ரொசீஜர் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸின் வழி: முடியும்போது ரிட்டர்னில் ஒரு எண், 0 வந்தால் எல்லாம் சரி. மற்றவை அவுட்புட் பாராமீட்டரில், அதாவது விடை வாங்கக் கூப்பிடுபவர் கொடுக்கும் இடங்களில்.

ஏற்காடு_மிளகு:
வேண்டவே வேண்டாம் தம்பி. அங்கே ரிட்டர்ன் முழு எண்ணை மட்டும்தான் தரும். அவசரத்தில் யாராவது மிச்சத்தையே ரிட்டர்னில் போட்டால் 12.750 கிராம் சத்தமில்லாமல் 12 ஆகிவிடும். முக்கால் கிராமுக்குப் பட்டறைக்காரர் யாரிடம் சண்டை போடுவார்? 'மதிப்பு தெரியாது' என்பதற்கான NULL குறியை ரிட்டர்ன் செய்தால் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு 0 தருகிறது. 'தெரியாது' என்பது 'எல்லாம் சரி' ஆகிவிட்டது பாருங்கள். அவுட்புட் என்ற சொல்லைக் கூப்பிடும் இடத்திலும் எழுத வேண்டும். மறந்தால், விடை வாங்க வைத்த மாறி (variable) பழையபடியே இருக்கும், பிழையும் வராது.

லீபஜார்_தரகு:
அப்படியானால் எல்லாவற்றையும் ரிசல்ட் செட்டாகவே, அதாவது வரிசைகள் கொண்ட அட்டவணையாகவே தந்துவிடுங்கள். திரையும் ரிப்போர்ட்டும் கேட்பது அதைத்தான். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ப்ரொசீஜருக்குள் ரிட்டர்னே கிடையாது. யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

ஏற்காடு_மிளகு:
திரைக்குச் சரி. இன்னொரு ப்ரொசீஜர் கூப்பிட்டால்? எஸ்கியூஎல் சர்வரில் இன்செர்ட் எக்ஸெக் என்ற கட்டளை போட்டு ஒரு அட்டவணையில் பிடிக்க வேண்டும். உள்ளே இன்னொரு இன்செர்ட் எக்ஸெக் இருந்தால் பிழை. ஒரு நெடுவரிசை கூடினாலும் உடையும். 2012 பதிப்பில் வித் ரிசல்ட் செட்ஸ் என்ற வசதியைக் கொடுத்தார்கள், அதிலும் அட்டவணையின் வடிவத்தைச் சொல்வது கூப்பிடுபவர்தான். தருகிறவர் அல்லவா வாக்குக் கொடுக்க வேண்டும்? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஃபங்ஷனில் (மதிப்பைத் திருப்பித் தரும் நிரல்) ரிட்டர்ன்ஸ் டேபிள் என்று அந்த வடிவத்தைத் தலைப்பிலேயே எழுதிவிடலாம்.

லீபஜார்_தரகு:
அந்த ஃபங்ஷனுக்குள் கமிட் (அதுவரை செய்த மாற்றங்களை நிலையாகப் பதிவது) போட முடியாதே! மாதக் கடைசியில் பட்டறை பட்டறையாகக் கணக்கை முடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கமிட் செய்யத்தானே ப்ரொசீஜர்? போஸ்ட்கிரெஸில் ப்ரொசீஜர் 2018இல், 11ஆம் பதிப்பில்தான் வந்தது. விடை தர முதலில் இன்அவுட் (மதிப்பை உள்ளே கொண்டுபோய், விடையை வெளியே கொண்டுவரும் பாராமீட்டர்) மட்டும். 14ஆம் பதிப்பில், விடையை மட்டும் கொண்டுவரும் அவுட்டையும் சேர்த்தார்கள். சுற்றிச் சுற்றி அவர்களும் பாராமீட்டருக்குத்தான் வந்தார்கள்.

பழைய_ஃபயர்பேர்டு:
ஃபயர்பேர்டு டேட்டாபேஸைப் பாருங்கள். ரிட்டர்ன்ஸ் என்று தலைப்பில் பெயர், வகை இரண்டும் இருக்கும். உள்ளே ஒவ்வொரு சஸ்பெண்ட் கட்டளைக்கும் ஒரு வரிசை வெளியே போகும். செலக்டில் (அட்டவணையிலிருந்து எடுக்கும் கட்டளை) வைத்தால் எல்லா வரிசையும், எக்ஸிக்யூட் ப்ரொசீஜர் என்று கூப்பிட்டால் ஒன்று மட்டும். என்ன, சஸ்பெண்ட் எழுத மறந்தால் செலக்டில் ஒன்றுமே வராது, மண்டை காயும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
இது பிடித்திருக்கிறது. தலைப்பில் மிச்சம், கூலி இரண்டையும் தசம வகையாக அறிவிக்கிறோம். ரிட்டர்ன் எண்ணைத் தூக்கிவிடுகிறோம். தவறு நடந்தால் வேலையை நிறுத்திப் பிழையாக எறிந்துவிடும்.

லீபஜார்_தரகு:
ஒரு பட்டறையில் எடை பொருந்தாவிட்டால் மாதக் கணக்கு மொத்தமும் நின்றுவிடுமா?

ஏற்காடு_மிளகு:
நிற்காது. எடை பொருந்தாதது அன்றாடம் நடப்பது, அதைப் பிழையாக எறியக் கூடாது. 'நிலை' என்று இன்னொரு பெயரைத் தலைப்பில் சேருங்கள். டிஸ்க் நிறைந்தது, அட்டவணை காணோம், இப்படிப்பட்டவற்றை மட்டும் எறியுங்கள்.

லீபஜார்_தரகு:
முன்வாசலில் துரத்திய 0 கொல்லைப்புறமாக வந்துவிட்டதே, அண்ணா!

ஏற்காடு_மிளகு:
வரட்டும். இப்போது அதற்குப் பெயரும் வகையும் இருக்கின்றன. 'நிலை'யைப் பார்க்காமல் 'மிச்ச'த்தைத் தொட்டால் கம்பைலரே (நிரலை ஓடும் முன் சரிபார்த்து மொழிபெயர்ப்பது) நிறுத்தும்படி மொழியில் விதி வைக்கலாம். அந்த ரிட்டர்ன் எண்ணுக்கு அப்படி ஒரு காவல் எங்கே இருந்தது?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அந்த விதியை இந்த வாரமே எழுதிப் பார்க்கிறோம். தரகு அண்ணா, மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நிரல் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், அதை வைத்தே சோதிக்கலாம்.