முதல் புரோகிராம் தறியில் ஓடியதா?

தறிக்காரர் மகன், மடிவாளா:
எங்கள் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தவர், 1948-க்கு முன்னால் புரோகிராம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அடித்துச் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. அப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நெய்தவர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் ஓட்டை போட்ட அட்டைகள். ஓட்டை இருந்தால் நீளவாக்கில் ஓடும் பாவு இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. குறுக்கே போகும் ஒரு ஊடை இழைக்கு ஒரு அட்டை. பிரான்சில் லியோன் ஊர்க்காரரான ஜக்கார்டு 1804-லேயே செய்து காட்டியது. அட்டையை மாற்றினால் அதே தறியில் அன்னம் போய் மாங்காய் வரும். இது புரோகிராம் இல்லாமல் வேறென்ன?

வாசு, வைட்ஃபீல்டு:
கிராமபோன் தட்டை மாற்றினாலும்தான் வேறு பாட்டு வரும், அண்ணே. 'இப்படி இருந்தால் அங்கே போ' என்று அட்டை முடிவெடுக்குமா? இங்கிலாந்துக்காரர் பாபேஜ் வடிவமைத்த அனலிட்டிகல் எஞ்சின் என்ற கணக்குப் போடும் எந்திரத்தில்தான் அது வருகிறது. அதற்கு ஏடா லவ்லேஸ் 1843-ல் பெர்னூலி எண்கள் என்ற எண் வரிசையைக் கணக்கிட வழி எழுதினார். சில படிகள் திரும்பத் திரும்ப ஓடும். என் ஓட்டு அதற்கு. எந்திரத்தைக் கடைசிவரை கட்டி முடிக்கவில்லை, அது வேறு கதை.

தறிக்காரர் மகன்:
திரும்ப ஓடுவதா? அட்டைகளைக் கயிற்றில் கோத்து, முதலையும் கடைசியையும் சேர்த்து முடிந்துவிடுவார்கள். சுற்றிச் சுற்றி வரும். ஒரு ஓட்டை தப்பினால் சேலை நெடுக ஒவ்வொரு பூவும் அதே இடத்தில் மூளியாக நிற்கும். எந்த அட்டை என்று அப்பா எண்ணிப் பிடிப்பார். நான் கணினி எழுதி வைக்கும் லாக் பார்த்துப் பிடிக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். பாபேஜுக்கு அட்டை யோசனையே தறியிலிருந்து வந்ததுதான். சுமார் 24,000 அட்டைகள் வைத்துப் பட்டில் நெய்த, ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் வைத்திருந்தார். தறி பூவும் இலையும் நெய்வதுபோல இந்த எந்திரம் கணிதத்தை நெய்யும் என்று ஏடாவே எழுதியிருக்கிறார்.

வாசு:
'போல' என்றுதானே எழுதினார்!

அக்கா, கே.ஆர்.புரம்:
அந்த 1948-ஐ இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். அவர் சொல்லியிருப்பது மான்செஸ்டர் பேபி என்ற கணினியாக இருக்கும். புரோகிராமை மின்னணு நினைவகத்திலேயே வைத்து ஜூன் 21 அன்று ஓட்டினார்கள். அதைக் கட்டியவர்களில் ஒருவரான டாம் கில்பர்ன் எழுதியது, 17 கட்டளைகள். 2,62,144-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களில், அதற்கு அடுத்த பெரியது எது என்று தேட 52 நிமிடம்! சரி, அந்த வகையில் அது முதல். ஆனால் அதற்கு முன் புரோகிராமே இல்லை என்றால், எனியாக் என்ற அமெரிக்க மின்னணுக் கணினியில் வயரைப் பிடுங்கிச் சொருகி, சுவிட்சு திருப்பிக் கணக்குப் போடவைத்த ஆறு பெண்கள் என்ன, தூசி தட்டவா போனார்கள்?

வாசு:
எனியாக்கை நான் தள்ளவில்லை, அக்கா. வந்த விடையைப் பார்த்து அதனால் வழி மாற முடியும். தறியில் இழை அறுந்தால் நிறுத்துவது யார்? அப்பாதானே?

தறிக்காரர் மகன்:
அப்பாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி, போன வாரம் நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டில் 'இப்படி இருந்தால்' என்று கேட்கும் இஃப் ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழே ஓடி முடிந்துவிடும். அதை ஆபீஸ் வேலைப் பதிவான டிக்கெட்டில் என்னவென்று போடட்டும், கிராமபோன் தட்டு என்றா?